கழுத்தில் கை வைக்கும் முன்: கைரோபிராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பும் கைரோபிராக்டிக் சிகிச்சை செய்பவர்களுக்கும், கழுத்து அட்ஜஸ்ட்மென்ட் செய்யும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். சின்ன வயதிலிருந்தே எனக்கு டிக்ஸ் உண்டு, அதாவது நம்மை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளும் சத்தங்களும். கண் சிமிட்டலில் ஆரம்பித்து, மூக்கைச் சுளிப்பது, தோளைக் குலுக்குவது என்று இடம் மாறி மாறி வந்து, இப்போது பெரும்பாலும் கழுத்தில் நிற்கிறது. தலையை இடப்பக்கமாக வெட்டி இழுக்கும். கூடவே தொண்டைச் செருமல். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து செருமிக்கொண்டிருக்கும் நூலகருக்கு எங்கள் மாணவர்கள் பழகிவிட்டார்கள். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் டூரெட் சிண்ட்ரோம்.

உங்களுக்கு எழுதக் காரணம் நீங்கள் போடும் வீடியோக்கள். எனக்கு டிக்ஸ் இருப்பது தெரிந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள், அண்மையில் கல்லூரி கேன்டீன்காரர் வரைக்கும் அவற்றை எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு பையன் மேசையில் படுத்திருப்பான், கழுத்து வெட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்புவீர்கள். மைக்கில் 'டொக்' என்று கேட்கும். அடுத்த காட்சியில் பையன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பான், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். "ஒரே சிட்டிங்கில் நின்றது" என்று கீழே எழுத்து ஓடும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்ஸ் விட்டுவிட்டுப் போகிற கழுத்து வலிக்கு உங்களிடம் வந்தால், வலியைப் பாருங்கள். டிக்ஸையே நிறுத்திக்காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கழுத்தை வேகமாகத் திருப்பியும் விடாதீர்கள்.

டிக் என்பது வெளியே தெரியும் அசைவு மட்டும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு அரிப்பு வரும். எனக்கு இடப்பக்கக் காதுக்குக் கீழே, எலும்புக்கும் தசைக்கும் நடுவே எங்கேயோ. பல்லிடுக்கில் சிக்கிய மாங்காய் நாரை நாக்கு தேடித் தேடிப் போகுமே, அந்த மாதிரி மனசு அந்த இடத்துக்கே போகும். தலையை வெட்டி இழுத்தால் ஒரு நொடி நிம்மதி. பிறகு மறுபடியும் அதே அரிப்பு. பெரியவர்களிலும் விவரம் தெரிந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் இந்த முன்னுந்துதலைச் சொல்வார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு அது இருந்தாலும் சொல்லத் தெரியாது.

அடக்க முடியுமா என்றால், கொஞ்ச நேரம் முடியும். பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும் மொத்தமாக வெளியே விடும் பிள்ளைகள் ஏராளம். "ஸ்கூல்ல சும்மாதான் இருக்கான், வீட்டுக்கு வந்தாத்தான் சேட்டை" என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். பதற்றத்திலும் அசதியிலும் கூடும். ஏதாவது ஒன்றில் ஆழ்ந்துவிட்டால் குறையும். டிக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே வரும். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் என் கழுத்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் வீடியோவில் 'முன்', 'பின்' என்று காட்டுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வந்த புதிதில் புது இடம், புது ஆள், கேமரா, பேச்சு முழுக்க டிக்ஸைப் பற்றி. டிக்ஸ் கொட்டத்தான் செய்யும். சிகிச்சை முடிந்த பிறகு உடம்பு தளர்ந்திருக்கும், எல்லோரும் 'நின்றுவிட்டதா' என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவனும் அம்மாவுக்காக அடக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். அப்படி ஒரு இரண்டு நிமிடம் என்னாலும் அசையாமல் இருக்க முடியும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்து அந்த 'டொக்'. நம் ஊரில் நெட்டி எடுப்பது புதிதா என்ன? முடிவெட்டி முடித்ததும் சலூன்காரர் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்துத்தான் எத்தனையோ தலைமுறை ஆண்களை வெளியே அனுப்பியிருக்கிறார். அந்தச் சத்தம் எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் இல்லை. மூட்டைப் பிரிக்கும்போது அதற்குள் இருக்கும் திரவத்தில் வாயு நிறைந்த ஒரு குழிவு உண்டாகிறது. 2015-ல் விரல் மூட்டைச் சொடக்கு எடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து இதைப் படமாகவே காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அந்த இடம் லேசாக இருப்பது உண்மைதான். எனக்கும் இருந்திருக்கிறது.

கழுத்தில் டிக் இருப்பவனுக்கு அந்த லேசு வேறு ஒரு வேலையும் செய்கிறது. எனக்கு வரும் உந்துதலே 'சொடக்கு விழணும்' என்பதுதான். விழும் வரை இழுத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். நீங்கள் வெளியிலிருந்து அதைச் செய்து தந்தால் அரிப்பு தணியும். ஆனால் நான் தலையை வெட்டி இழுத்தாலும் அதே அரிப்புதான் தணிகிறது. உந்துதல், அசைவு, நிம்மதி, மறுபடி உந்துதல் என்ற வட்டத்துக்கு நீங்கள் தீனி போடுகிறீர்களோ என்பது என் சந்தேகம். பலன் தரும் நடத்தைப் பயிற்சிகள் இந்த வட்டத்தை அறுப்பதில்தான் கவனம் வைக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் துறையின் மூலக்கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தி அவருடைய காது கேளாமையைச் சரிசெய்ததாகச் சொன்னார். முதுகெலும்புத் தொடரின் எலும்புகள் லேசாக விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. அந்த விலகலுக்குச் 'சப்லக்சேஷன்' என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வீடியோக்களில் "மேல் கழுத்து எலும்பு விலகியிருக்கு, மூளைக்குப் போற சிக்னல் தடைபடுது, அதான் கழுத்து வெட்டுது" என்று நீங்கள் சொல்வது அந்தக் கொள்கையின் மறுபதிப்புதான்.

பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் சட்டபூர்வ அமைப்பு ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில். அது உங்கள் துறைக்குப் பகை இல்லை, உங்கள் துறையின் ஒழுங்கையே பார்த்துக்கொள்வது. 2010-ல் அந்தக் கவுன்சிலே சொன்னது இது: சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, இன்னமும் ஒரு கோட்பாட்டு மாதிரி மட்டுமே, அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிக்கொள்ள மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை. லண்டன் கவுன்சில் சொல்லி இத்தனை வருஷம் ஆகியும் நம் ஊர்த் தம்ப்நெயில்களுக்கு அது வந்து சேரவில்லை.

டிக்ஸ் எங்கே உண்டாகிறது என்பது முழுசாகத் தெரிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. 1885-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவின் மாணவர் ழில் த லா டூரெட் 9 நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து இன்றுவரை கற்றுக்கொண்டதில் ஓரளவு உறுதியான சங்கதி உண்டு: மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதிக்கும் மூளையின் மேலடுக்கான புறணிக்கும் இடையே ஓடும் நரம்புச் சுற்றுகளில் கோளாறு, அதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பங்கு, பரம்பரைக்குப் பெரிய பங்கு. கழுத்தெலும்பு இந்தக் கதையில் எங்கும் வரவில்லை. கழுத்து வெட்டுகிறது என்பதால் கோளாறு கழுத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. அப்படிப் பார்த்தால் கண் சிமிட்டுகிற பிள்ளைக்கு இமையில் அல்லவா அட்ஜஸ்ட்மென்ட் செய்ய வேண்டும்?

"ஆனால் எங்களிடம் வந்தவர்களுக்குக் குறைந்திருக்கிறதே" என்பீர்கள். நம்புகிறேன். பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி.

இந்த நோயின் போக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டிக்ஸ் பெரும்பாலும் 5, 6 வயதுவாக்கில் தொடங்குகிறது. 10 முதல் 12 வயதுக்குள் உச்சத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பதின்ம வயது முடிவதற்குள் கணிசமாகக் குறைகிறது. சிலருக்கு, என்னைப் போல, தங்கிவிடுகிறது. இது பெரிய வளைவு. அதற்குள்ளேயே சின்னச் சின்ன அலைகள்: சில வாரம் ஆட்டிவைக்கும், சில வாரம் ஆளையே மறந்துவிடும், ஒரு டிக் போய் இன்னொன்று வரும். இது போக, பள்ளி வயதில் பிள்ளைகள் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே வந்து தானாகவே போகும் டிக்ஸும் உண்டு.

இப்போது பெற்றோர் பிள்ளையை எப்போது உங்களிடம் கூட்டிவருகிறார்கள்? நன்றாக இருக்கும் வாரத்திலா? பரீட்சை சமயம், டீச்சர் கூப்பிட்டுப் புகார் சொன்ன வாரம், மாமியார் "யாரோ என்னமோ வச்சுட்டாங்க" என்று ஆரம்பித்த வாரம். அலையின் உச்சியில்தான் வருகிறார்கள். உச்சியில் வந்தவர்களுக்கு நீங்கள் கழுத்தைத் திருப்பினாலும், வேப்பிலை அடித்தாலும், ஒன்றுமே செய்யாமல் டீ வாங்கிக் கொடுத்தாலும் அடுத்த சில வாரங்களில் குறையத்தான் போகிறது. குறைந்தவர்கள் உங்களுக்கு நன்றி சொல்லி வீடியோ கொடுக்கிறார்கள். குறையாதவர்கள் பேக்கேஜை பாதியில் விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகிறார்கள். அவர்களுடைய வீடியோவை நீங்கள் எடுப்பதில்லை.

இதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாத கதைகளை வைத்து டிக்ஸைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. டிக்ஸுக்குக் கைரோபிராக்டிக் பற்றி வந்திருப்பவை ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று எழுதப்பட்ட அறிக்கைகள். 'எங்களிடம் வந்தார், குறைந்தது' என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழான ஜாமாவில் ஒரு ஆய்வு வந்தது. டூரெட் அல்லது நாள்பட்ட டிக்ஸ் உள்ள, 9 முதல் 17 வயது வரையான 126 பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப் பேருக்கு நடத்தைப் பயிற்சி, பாதிப் பேருக்கு ஆதரவாகப் பேசி விளக்கம் தரும் சிகிச்சை. பத்து வாரம் கழித்து, யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மற்ற குழுவில் 18.5 சதவீதம். எனக்கு இதில் பிடித்தது அந்த 18.5 தான். ஆறுதலாகப் பேசியதற்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளைக்கு நல்ல முன்னேற்றம்! உங்கள் மேசையில் படுத்து எழுந்தவர்களில் குறைந்தவர்கள் எத்தனை பேர், அது இந்த 18.5-ஐத் தாண்டுமா என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்த நடத்தைப் பயிற்சியை மருத்துவர்கள் 'சிபிட்' என்பார்கள். 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கொண்டுவந்த பழக்க மாற்றுப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது. மாயமெல்லாம் இல்லை. உந்துதல் எழும்போதே அதைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். எழுந்ததும் டிக்கைச் செய்ய முடியாதபடி வேறொரு சின்ன அசைவு. எனக்குச் சொல்லிக்கொடுத்தது: தாடையை லேசாக உள்ளிழுத்து, கழுத்துத் தசையை மெதுவாக இறுக்கி, பார்வையை நேரே வைத்து, அரிப்பு அடங்கும் வரை இருப்பது. புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கூடவே, எந்தச் சூழ்நிலையில் டிக் கூடுகிறது, அப்போது வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்த்து மாற்றுவார்கள். "ஆட்டாதடா" என்று வீட்டில் சொல்வது நின்றாலே பாதி இறக்கம். 2019-ல் அமெரிக்க நரம்பியல் அகாதமி தந்த வழிகாட்டுதலில் டிக்ஸுக்கு முதலில் முயல வேண்டியதாக இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனில் 224 பிள்ளைகளை வைத்து, இணையத்தின் வழியாகவே இதை ஒத்த ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரிந்தது. அது 2021-ல் வெளிவந்தது.

என் டிக்ஸ் போய்விட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது, என் கட்டுக்குள் கொஞ்சம் வந்திருக்கிறது. 'நின்றுவிட்டது' என்ற சொல்லை இந்த நோயில் நேர்மையான யாரும் சுலபமாக உபயோகிப்பதில்லை.

இனி ஆபத்துப் பற்றி. பயமுறுத்தும் தலைப்புச் செய்தி நடையில் எழுத எனக்கு விருப்பமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். இது அபூர்வம். கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. கனடாவின் ஒன்ராறியோவில் 1993 முதல் 2002 வரை மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வேறொரு கோணத்தையும் காட்டியது: சாதாரண மருத்துவரைப் பார்த்தவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. அதாவது, ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனி கழுத்து வலியைத் தந்து, அந்த வலிக்காகவே அவர்கள் கைரோபிராக்டரிடமோ மருத்துவரிடமோ போயிருக்கலாம். உங்களுக்குச் சாதகமான வாதம் இது, அதை மறைக்க மாட்டேன். 2014-ல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனால் தொடர்பு இருக்கிறது, ஆகவே கழுத்தைத் திருப்பும் முன் நோயாளியிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றது.

இது பொதுவாக எல்லாருக்கும். எங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு சங்கதி சேர்கிறது.

ஒன்று, எங்கள் கழுத்து ஏற்கெனவே அடிபட்ட கழுத்து. வருஷக்கணக்கில், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வெட்டி இழுத்துக்கொண்டிருக்கும் தலையின் பாரத்தைத் தாங்கியது. அபூர்வமாக, மிகக் கடுமையான கழுத்து டிக்ஸால் டிஸ்க் பிதுங்கி தண்டுவடம் நசுங்கியவர்களும், தமனி கிழிந்தவர்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். அப்படி ஒரு கழுத்து உங்களிடம் வந்தால், கை மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா, நடையில் மாற்றம் உண்டா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது, மேசையில் நடப்பது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இடம் என்பது முக்கியமில்லை. உள்ளே போனதும் ஒரு படிவம். பெயர், போன் நம்பர், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்: இன்ஸ்டாகிராம், யூடியூப், நண்பர். கடைசியில் வீடியோ எடுக்கச் சம்மதம் என்று ஒரு கட்டம். மருந்து சாப்பிடுகிறேனா, ரத்த அழுத்தம் உண்டா, கை மரக்கிறதா என்று ஒரு வரி இல்லை. கழுத்தைத் திருப்புவதில் என்ன ஆபத்து என்றும் ஒரு வரி இல்லை. படுக்கவைத்து, "மூச்சை இழுத்து விடுங்க சார், கழுத்தை லூசா விடுங்க, அசையாதீங்க" என்றார். டிக்ஸ் இருப்பவனிடம் அசையாதே என்றால் என்ன ஆகும்? என் தாடை அவர் உள்ளங்கையில், தலை வலப்பக்கம் எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திரும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து உந்துதல் எழுந்தது. அவர் வலப்பக்கம் தள்ளிய அதே நொடியில் என் கழுத்து இடப்பக்கம் வெட்டியது. காதுக்குள் சுரீர் என்று ஒரு வலி. அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல சார், நரம்பு ரிலீஸ் ஆகுது" என்றார்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் தலையைத் திருப்ப முடியாமல் போனதோடு சரி. ஆனால் அந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை. உங்கள் கைவித்தையே நோயாளியின் தசை தளர்ந்திருப்பதையும், உங்கள் வேகத்தை அவர் உடம்பு எதிர்க்காமல் இருப்பதையும் நம்பித்தான் இருக்கிறது. எப்போது வெட்டும் என்று எங்களுக்கே தெரியாத கழுத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. கழுத்து டிக்ஸ் இருப்பவருக்கு வேகமான கழுத்துத் திருப்பல் கூடாது என்று உங்கள் அறையில் எழுதி ஒட்டிவைக்க இந்த ஒரு காரணமே போதும்.

வெளிவரும்போது பன்னிரண்டு சிட்டிங் பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி என்றார்கள். பத்தாவது சிட்டிங்கில் முழுசாக நின்றுவிடும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ கிடையாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமம் வேண்டும், பிரிட்டனில் 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே வெளிநாட்டில் வருஷக்கணக்கில் படித்து வந்தவரும், நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பலகை மாட்டியவரும் ஒரே பெயரில் தொழில் செய்யலாம். முறையாகப் படித்தவர்களுக்கு இது கோபத்தைத் தர வேண்டும். 1954-ன் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நரம்பு மண்டலக் கோளாறுகளும் இருக்கின்றன. ஆனால் அது மருந்துக்கும் தாயத்து, மந்திரம் போன்றவற்றுக்கும்தான். தாயத்து கட்டி டிக்ஸை நிறுத்துவேன் என்று விளம்பரம் செய்தால் சட்டம் குறுக்கே வரும், கழுத்தைத் திருப்பி நிறுத்துவேன் என்றால் அந்தச் சட்டம் வராது. வேடிக்கைதான். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டும் வரும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும் அபராதம் போடவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு சொல்லிவிட்டு, நாங்கள் ஏன் உங்களிடம் வருகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வேறு கதவு சட்டென்று திறப்பதில்லை. குடும்ப டாக்டர் "வளர்ந்தா சரியாயிடும்" என்பார். கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். மனநல மருத்துவர் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு முகம் மாறும், பெண் பிள்ளை என்றால் கல்யாணக் கவலை வேறு. குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் என்று மருந்துகள் உண்டு, பலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் தூக்கம் சொக்குவதும் உடம்பு பெருப்பதும் பெற்றோரைப் பயமுறுத்துகிறது. நடத்தைப் பயிற்சி கொடுக்கத் தெரிந்த உளவியலாளர் பக்கத்து ஊரில் கிடைப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நீங்களோ மருந்து இல்லை, ஊசி இல்லை என்கிறீர்கள், தொட்டுப் பார்க்கிறீர்கள், அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தை அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எதிர்பார்க்க முடியாது. உங்கள் பலம் அதில்தான் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன்.

அந்தப் பலத்தை வைத்து நீங்கள் உண்மையிலேயே உபகாரம் செய்யலாம். டிக்ஸால் இறுகிப்போன தோளையும் பின்கழுத்தையும் மெதுவாக நீவி விடுவது, வெந்நீர் ஒத்தடம், கழுத்தைப் பலப்படுத்தும் பயிற்சி, கம்ப்யூட்டர் முன் உட்காரும் முறை, எந்தத் தலையணை என்பதெல்லாம். சாயங்காலம் ஆனால் என் வலப்பக்கத் தோள் கல் மாதிரி இருக்கும். அதைத் தளர்த்திவிடுகிறவருக்குக் காசு கொடுக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. 'வலி குறையும், டிக்ஸ் குறையும் என்று சொல்ல முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

பிள்ளையாக இருந்தால், அம்மா அப்பாவை உட்காரவைத்து, இது சேட்டை இல்லை, வலிப்பு இல்லை, பில்லி சூனியமும் இல்லை என்று சொல்லுங்கள். கவனக்குறைவோ, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழலோ கூட இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகளை டிக்ஸை விட அவைதான் அதிகம் படுத்துகின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன, சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முடிந்தவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ். எங்கே போவது என்றே தெரியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். இதை ஒரு தாளில் அச்சடித்து வரவேற்பு மேசையில் வைக்க என்ன செலவாகிவிடும்?

அப்புறம், பிள்ளைகளின் முகத்தை வைத்து வீடியோ போடுவதை நிறுத்துங்கள். அம்மா சம்மதித்தார் என்பீர்கள். அந்தப் பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது வகுப்பில் யாராவது அதைத் தேடி எடுப்பார்கள். அந்த வீடியோக்களுக்குக் கீழே சிரிப்பு எமோஜிகளோடு வரும் கமென்ட்களை நீங்களும் பார்க்கத்தான் செய்கிறீர்கள்.

டிக்ஸுக்கு உங்கள் சிகிச்சை பலன் தரும் என்று உங்களில் யாராவது உறுதியாக நம்பினால், அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, கழுத்தை வேகமாகத் திருப்புவதைத் தவிர்த்து, ஒப்பீட்டுக் குழு வைத்து, டிக்ஸின் கடுமையை அளக்கும் யேல் அளவுகோலில் மதிப்பெண் போட்டு, யாருக்கு என்ன கொடுத்தோம் என்று தெரியாதவரை வைத்து அளக்கச் செய்யுங்கள். பெரியவர்களை மட்டும் சேர்ப்பதாக இருந்தால் முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன். முடிவு என்ன வந்தாலும் வெளியிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை. அதுவரை, படிவத்தில் வீடியோ சம்மதக் கட்டத்துக்கு மேலே, கழுத்து ஆபத்தைப் பற்றி இரண்டு வரியும், சிகிச்சைக்குப் பிறகு கடுமையான தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாட்டம் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டிக்ஸ் உள்ள ஒரு நூலகர்,
மதுரை